கம்பத்தில் ஓடிய இரண்டு மில்லி ஆம்பியர்

ஈரச் சேலையை இன்னும் மாற்றவில்லை. மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் சேர்ந்த வாசம் உடம்பெல்லாம் அடிக்கிறது. அந்த வாசத்தோடேயே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் இந்தத் தைரியம் வடிந்துவிடுமோ என்று ஒரு பயம். காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் நான் செய்த காரியத்தை ஊர் இந்நேரம் டீக்கடை வரைக்கும் கொண்டுபோயிருக்கும். கொண்டுபோகட்டும். உனக்கு மட்டும் நானே சொல்லிவிட வேண்டும்.

உன்னை முதலில் "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டியைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் விரட்டுவார்கள் என்று நீ கிண்டல் செய்வாய். நீ வண்டிப்பெரியாரில் எஸ்டேட் லயத்தில் பிறந்து, சிமெண்ட் லோடு லாரி ஓட்டுகிறவருக்கு வாக்கப்பட்டு வாளையார்ப் பக்கம் வந்தவள். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே நாலு தோட்டம் தள்ளி வாக்கப்பட்டவள். ஒருநாள் குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாய்: "என்ன, மரியாத குடுத்துக் குடுத்தே என்னையத் தள்ளி வைக்கியா?" அன்றோடு ‘ங்க’ போனது. நீ எனக்கு வைத்த பெயர் ‘கணக்கு’. சாயங்காலம் விளக்கு வைத்துக் கும்பிட்டபின், அன்றைக்குப் போன பால், இறங்கிய தேங்காய், வாங்கிய மளிகை எல்லாம் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் நான் எழுந்திருக்க மாட்டேன் என்பதால்.

பஞ்சாயத்து ஹாலில் பெண்களுக்கு வயரிங் வகுப்பு என்று சொன்னபோது எங்கள் வார்டில் பெயர் கொடுத்தது நாம் இரண்டு பேர்தான். என் வீட்டுக்காரர், "தையல் கிளாசும் நடக்குதல்லோ, அதுக்குப் போலாமே" என்றார். "ஊட்டுல கிழிஞ்ச துணி ஒண்ணுமில்லீங்க. ஓடாத ஃபேன்தான் மூணு கெடக்குது" என்றேன். வாசலில் நின்ற நீ சிரித்தது அவருக்கும் கேட்டுவிட்டது.  நான் பத்தாவதோடு நின்றவள். அதன்பிறகு படித்ததெல்லாம் மகளின் பாடப்புத்தகங்களை, அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில், அடுப்பங்கரையில் வைத்து. உனக்கு அதுகூட இல்லை. ஆனால் ஒரு வயரைப் பார்த்தால் அது எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று உன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தாளில் எழுதினால்தான் தெரியும்.

வகுப்பில் டீச்சரோடு நான் போட்ட அந்தச் சண்டையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

நம் டீச்சர் சின்னப் பெண், மலையாளி. தமிழும் மலையாளமும் கலந்துதான் சொல்லிக் கொடுப்பாள். ஒருநாள் போர்டில் எழுதினாள்: முப்பது ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்று. அதோடு வரிசையாக ஒரு காயில், கம்பிச் சுருள், அது தடுப்பது நாற்பது ஓம். இரண்டுக்கும் சேர்த்து இருநூற்று முப்பது வோல்ட் ஏசி. ஓடுகிற கரண்ட் எவ்வளவு? நான் கை தூக்கினேன். முப்பதும் நாற்பதும் எழுபது, இருநூற்று முப்பதை எழுபதால் வகுத்தால் மூன்றே கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் என்றேன்.

"அங்ஙனெ கூட்டான் பற்றில்ல, சேச்சீ."

முப்பதையும் நாற்பதையும் கூட்டக் கூடாது என்று என் வாழ்நாளில் யாரும் சொன்னதில்லை. "வரிசையா வெச்சாக் கூட்டோணும்னு போன வாரம் நீங்கதானுங்க டீச்சர் சொன்னீங்க" என்றேன். அது பல்புக்கு, இது காயில் என்றாள். விடை ஐம்பது ஓம், நாலு புள்ளி ஆறு ஆம்பியர் என்று எழுதினாள். நான் உட்காரவில்லை. ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நீ மட்டும் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய்.

என்னைச் சமாதானப்படுத்த அவள் ஒரு குண்டு பல்பையும், உள்ளே காயில் சுற்றிய பழைய ட்யூப்லைட் சோக்கையும் வரிசையாக இணைத்து மீட்டர் வைத்துக் காட்டினாள். பல்பில் நூற்று அறுபது வோல்ட். சோக்கில் நூற்று ஐம்பது. சப்ளையில் இருநூற்று முப்பது. எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. "இருநூத்தி முப்பது வந்து முந்நூத்திப் பத்து செலவாகுதுங்களா? மிச்சம் எண்பது யாரூட்டுப் பணமுங்க?" என்று கேட்டேன். அவள் நெற்றியில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

 வீட்டுக்கு வரும் வழியில், கடலை பிடுங்கிக் காலியாகக் கிடந்த எங்கள் காட்டில் நீ என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாய்.

"கெழக்க பாத்து முப்பது எட்டு வெச்சு நட."

நடந்தேன்.

"இப்ப வடக்க திரும்பி நாப்பது எட்டு."

நடந்தேன்.

"பொறப்பட்ட எடத்துல இருந்து எத்தன எட்டு தூரத்துல நிக்க?"

"எழுபது."

"நடந்ததக் கேக்கல, கணக்கு. தூரத்தக் கேக்கேன்."

நான் நின்ற இடத்திலிருந்து தொடங்கின இடத்தை நோக்கி நேராக நடந்தேன். ஐம்பது. வீட்டுக்குக் கால் போடும் நாளில் கொத்தனார் மூலைக்கு மூலை கயிறு பிடித்து மூணு, நாலு, அஞ்சு என்று மட்டம் பார்ப்பாரே, அதேதான். நான் எத்தனையோ தடவை பார்த்த கயிறு. காயிலில் கரண்ட்டும் வோல்ட்டேஜும் ஒரே சமயத்தில் உச்சிக்கு வருவதில்லை, ஒன்று கால் சுற்று பிந்தி வரும் என்று டீச்சர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்பின் உச்சமும் சோக்கின் உச்சமும் வேறு வேறு நேரத்தில் வருகின்றன. ஒன்றாக வராத இரண்டு உச்சங்களை எடுத்து ஒன்றாகக் கூட்டியது என் தப்பு. எது ஒரே கோட்டில் போகிறது, எது மூலை திரும்புகிறது என்று பார்க்காமல் கூட்டக் கூடாது. மறுநாள் டீச்சர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "ஆ காட்டிலேக்கு என்னெயும் கொண்டுபோ, சேச்சீ" என்றாள்.

அதெல்லாம் சிரித்துக்கொண்டே படித்த படிப்பு. போன வருட மாரியம்மன் திருவிழாவில், எங்கள் பேச்சில் நோம்பியில்தான், அது சிரிப்பில்லாமல் போனது.

நோம்பிக்கு நாள் சாட்டி, மூன்று கவராகக் கிளை பிரிந்த மரத்தை மஞ்சள் பூசிக் கோயில் முன்னால் நட்டுவிட்டால், முடிகிற வரைக்கும் தினமும் காலையில் பெண்கள் அந்தக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவோம். ஊற்றிவிட்டுக் கையால் தொட்டு, நெற்றியை வைத்துக் கும்பிடுவோம். அப்படித் தொடும்போது உள்ளங்கையில் ஒரு சிலிர்ப்பு ஏறும். சுருக்கென்று, மெல்ல, விரல் நுனிவரை. ஆத்தா தொட்டுவிட்டாள் என்போம். அந்தச் சிலிர்ப்புக்காகவே நான் ஈரத்தோடு முதல் ஆளாக நிற்பேன். என் கஷ்டமெல்லாம் அந்த ஒரு நொடியில் அவளிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று இருந்தேன். கண்ணில் தண்ணீர் வரும்.

போன வருடம் நீ எனக்குப் பின்னால் ஊற்றினாய். தொட்டாய். உடனே கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாய். கும்பிட்டவள் பார்க்கும் பார்வையாக அது இல்லை.

"கணக்கு, இது எப்பலேர்ந்து?"

"நாலஞ்சு வருசமா. ஆத்தா எறங்கியிருக்கறா."

"கம்பத்துல இந்த சீரியல் லைட்டு எப்பலேர்ந்து சுத்துறாக?"

  திருப்பூரில் கம்பெனி வைத்தவர் ஒருவர் உபயமாகக் கொடுத்த லைட் அது. நாலைந்து வருடம்தான்.

நீ மைக்கும் லைட்டும் போடுகிற செட்டுக்காரரைக் கூப்பிட்டு ஸ்விட்சை அணைக்கச் சொன்னாய். "இப்பத் தொடு." தொட்டேன். வெறும் ஈர மரம். போடச் சொன்னாய். "இப்பத் தொடு." நான் தொடவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன்னோடு மூன்று நாள் பேசவில்லை. உனக்குத் தெரியும், எனக்கு உன்மேல் வந்தது சின்னக் கோபம் இல்லை. என்னிடம் இருந்த ஒரே நெருக்கத்தை நீ பிடுங்கிவிட்டாய் என்று இருந்தது. உனக்கென்ன, மலையிலிருந்து வந்தவள், எங்கள் ஆத்தா உனக்கு யார் என்றுகூட மனதுக்குள் கேட்டேன்.

நாலாவது நாள் நீயே வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தாய். "திட்டணும்னா திட்டிக்கோ. ஆனா கரண்ட்ட மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு" என்றாய்.

கண்டுபிடித்தேன். இதில் காயில் இல்லை, மூலை இல்லை. நேராகக் கூட்டலாம். சீரியலில் இருந்து கசிவது ஈர மரம் வழியாக வந்து, நம் உடம்பு வழியாக ஈர மண்ணுக்குப் போகிறது. ஈர மரத்துக்கு ஒரு லட்சம் ஓம் என்று வைத்தோம். நனைந்த உடம்புக்கு ஆயிரம் ஓம் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். இருநூற்று முப்பதை ஒரு லட்சத்து ஓராயிரத்தால் வகுத்தால் இரண்டு மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். சிலிர்க்கும், ஒன்றும் ஆகாது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"மரத்த கணக்குலேர்ந்து எடுத்துட்டுப் போடு" என்றாய்.

"எதுக்கு?"

"தோலு உரிஞ்ச வயர்ல நேரா கை பட்டா நடுவுல மரம் ஏது?"

போட்டேன். இருநூற்று முப்பதை ஆயிரத்தால். பென்சில் நின்றுவிட்டது. இருநூற்று முப்பது மில்லி ஆம்பியர். முப்பதைத் தாண்டினாலே நெஞ்சு தாங்காது என்று படித்திருந்தோம். நமக்கும் பிணத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு ஈர மரப்பட்டை. நாம் அதற்குத் தினமும் தண்ணீரும் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே இருவரும் கோயில் கமிட்டித் தலைவரிடம் போனோம். எனக்குச் சின்ன மாமனார் முறை அவர். செட்டுக்காரரும் பயந்து நம் பக்கம் பேசியதால் ஒத்துக்கொண்டார். சீரியலைக் கம்பத்திலிருந்து இறக்கி, தள்ளி ஒரு மூங்கிலில் கட்டினோம். எர்த் போட்டோம். கசிவு வந்தால் தானாக அணைந்துவிடும் இஎல்சிபி பெட்டியையும் மாட்டினோம். மறுநாள் காலையில் பெண்கள் தொட்டார்கள். சிலிர்ப்பு இல்லை. பால் ஊற்றும் சரசக்கா கம்பத்தைக் கட்டிக்கொண்டு, "ஆத்தா போயிட்டாளே" என்று அழுதாள். நீ அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று பின்னால் நினைத்தேன்.

ஆடியில் நீ போய்விட்டாய்.

மார்பில் இருந்த கட்டி நோம்பிக்கு ஒரு வருடம் முந்தியே தொடங்கியது என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். நீயும் தெரிந்தே மறைத்து வைத்திருந்தாய். அதை ஊரில் யாரும் காதில் வாங்கவில்லை. பங்குனியில் ஆத்தாளின் கம்பத்து விளக்கில் கை வைத்தாள், ஆடியில் போனாள் என்று கூட்டிவிட்டார்கள். ஒரே கோட்டில் இல்லாத இரண்டை எடுத்து எவ்வளவு சுலபமாகக் கூட்டிவிட்டார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் கை தூக்கி விடை சொன்னேன். ஆனால் எனக்குத் தப்பு என்று காட்ட ஒரு காடு இருந்தது, நீ இருந்தாய். இவர்களை எந்தக் காட்டில் கொண்டுபோய் நிறுத்துவது?

வகுப்பின் பரீட்சைக்கு நான் தனியாகத்தான் போனேன். "யாரோட போவே?" என்று வீட்டில் கேட்டார்கள். "பஸ்ல" என்றேன். காயிலும் ரெசிஸ்டன்சும் கேள்வியில் வந்தது. மூலை பார்த்துக் கூட்டி எழுதினேன். பாஸ். அதைச் சொல்ல ஆள் இல்லாமல் வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

இந்த வருடம் நோம்பி சாட்டியதுமே தலைவர் மாமா வீட்டுக்கு வந்தார். "போன வருசம் மாதிரி வேண்டாம் அம்மிணி. சீரியல் பழையபடி கம்பத்துலயே இருக்கட்டும். நீ கை வெக்காதே" என்றார். இஎல்சிபியைக் கேட்டேன். "அது சும்மா சும்மா ட்ரிப்பாகுது. கழட்டியாச்சு."

"ட்ரிப்பாச்சுன்னா அது வேலை செய்யுதுன்னு அர்த்தமுங்க மாமா. எங்கியோ கசியுது."

"எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று எழுந்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் என் மகள் முதல்முறையாகக் குடம் எடுக்கிறாள் என்பது அவருக்கும் தெரியும்.

இன்று காலை முதல் ஆளாக நின்றேன். மகள் எனக்குப் பின்னால். அவளுக்குப் பின்னால் வரிசை. குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னக்கா, ஆத்தாகிட்ட ரகசியமா? ஊத்துங்க, குளுருது" என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

"சீரியலைக் கம்பத்துல இருந்து எறக்கட்டும். ஊத்தறேன்."

 தலைவர் மாமா துண்டை உதறிக்கொண்டு வந்தார். "ஏன் அம்மிணி, ஆத்தாளுக்கே கண்டிசன் போடறயா?"

"ஆத்தாளுக்கு இல்லீங்க மாமா. உங்களுக்கு."

"போன வருசம் அந்த மலைக்காரி பேச்சைக் கேட்டுக் கழட்டுனோம். அவ என்ன ஆனா? ஆத்தா கேக்காம உடுவாளா?"

குடத்தை இடுப்போடு இறுக்கிப் பிடித்தேன். குடத்துத் தண்ணீர் தளும்பிச் சேலையில் விழுந்தது.  "அவ நோவு கண்டு செத்தாளுங்க. ஆத்தா கொன்னுட்டான்னு சொல்ல உங்களுக்கு நாக்கு வருது. நான் கும்படற ஆத்தா அப்படிப்பட்டவ இல்லீங்க. அப்படிப்பட்டவதான்னு நீங்க எல்லாருஞ் சொல்லுங்க, இந்தக் குடத்தை இங்கயே வெச்சுப்போட்டு நான் ஊட்டுக்குப் போறேன். அவளுக்கு இனி நான் வெளக்கு வெக்க மாட்டேன்."

யாரும் சொல்லவில்லை. பூசாரிகூடத் திரும்பிக்கொண்டார்.

"சரி, சரி. நீங்க ஊத்தற நேரம் ஸ்விட்சை அணைக்கச் சொல்றேன்" என்றார் மாமா.

"ஸ்விட்சு உங்க கையில இருக்குது. கம்பத்தைத் தொடற கை என் புள்ளையோடது."

வரிசையில் ஒரு குடம் ‘ணங்’ என்று தரையில் இறங்கியது. சரசக்கா. போன வருடம் அழுதவள். "எனக்கும் அந்தச் சிலுப்பு வேணுந்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா புள்ளைகளை நிறுத்தி வெச்சு எனக்கு வேண்டாம். எறக்குங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு குடம் இறங்கியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. தண்ணீர் ஊற்றாமல் கம்பம் காய்ந்து நிற்பதை ஒரு நோம்பியிலும் யாரும் பார்த்ததில்லை. மாமா செட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மெயினை நானே அணைத்தேன். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் செட்டுக்காரரைத் தொடவிட்டேன். அவர் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கையை நிறுத்தினார். மரக்கவரில் உரசி உரசி வயரின் தோல் விரல் நீளத்துக்குப் போயிருந்தது. செம்பு மின்னியது. என் மகள் நெற்றி வைத்துக் கும்பிடும் உயரம்.

அவர் அதை மாமாவிடம் நீட்டினார். மாமா வாங்கவில்லை. பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போய்விட்டார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சாயங்காலம் வேறு கதை கட்டுவார்கள், அதுவும் எனக்குத் தெரியும். அடுத்த ஆடியில் என் வீட்டில் ஒரு கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் வந்தாலும் இன்றைய தேதியோடு கூட்டுவார்கள். கூட்டட்டும். உன் சாவைக் கம்பத்தோடு கூட்டிய கூட்டல் தப்பு என்று அந்த வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். இனி அதை யாரும் என் காதுபட முணுமுணுக்க முடியாது.

ஊற்றினேன். தொட்டேன். உள்ளங்கையில் ஒன்றும் ஏறவில்லை. குளிர்ந்த மரம், மஞ்சள் வழவழப்பு, அவ்வளவுதான். மகள் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லியேம்மா" என்றாள். "ஒண்ணுமில்ல கண்ணு. பயமில்லாம நெத்தி வெச்சுக் கும்புட்டுக்கோ" என்றேன். அவள் நீண்ட நேரம் கும்பிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கரண்ட் இல்லாமலேயே வந்தது. நீ பார்த்திருந்தால் இதற்கும் ஒரு கேலி வைத்திருப்பாய்.

கழற்றிப் போட்டிருந்த இஎல்சிபி கோயில் சாமான் அறையில் கிடந்தது. செட்டுக்காரர் ஏணி பிடிக்க, திரும்ப மாட்டியாயிற்று. அதில் சரிபார்க்க ஒரு சின்னப் பட்டன் உண்டு, அழுத்தியதும் கரண்ட் அணைந்தால் பெட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம், மாதம் ஒருமுறை அழுத்தினால் போதும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள். நான் நோம்பி முடிகிற வரைக்கும் தினமும் அழுத்தப்போகிறேன். நாளைக் காலையும் குடத்தோடு முதல் ஆளாகப் போவேன். கோயில் விளக்கு அத்தனையும் ஒரு நொடி என் விரலில் அணையும், வரிசையில் நிற்கிற எல்லாரும் பார்ப்பார்கள். அப்புறம் திரும்பப் போட்டுவிட்டு, ஆத்தாளுக்கு முதல் குடத்தை நான் ஊற்றுவேன்.